கோப்பேங்கில் பிடுங்கிய பை

லகாட்,
14 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. மறந்துபோய் அல்ல. அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இரண்டு பையைச் சுமந்துகொண்டு ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் வரைக்கும் நடந்த ஆள் அல்லவா!

வாட்சாப்பில் உங்களை பிளாக் செய்தது நான்தான். யாத்திரைக் குழுவின் குரூப்பை விட்டு வெளியேறியதும் நான்தான். "அவ போன் கெட்டுப்போச்சு போல" என்று அண்ணியிடம் சமாளித்துக்கொண்டிருக்க வேண்டாம். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் பத்து வார்த்தை பேசுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தைப்பூச நடைக்குக் கிளம்பும்போது, சுங்காய் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நீங்களேதான் என் தோளில் பையை மாட்டிவிட்டீர்கள். குழுத் தலைவர் என்ற முறையில் நீங்களேதான் சொன்னீர்கள்: "அவங்கவங்க வீட்டு அரிசி அவங்கவங்க தோள்லதான் வரணும். தோள்ல வந்த அரிசிதான் மலையடியில அன்னதான உலைக்குப் போகும். இதுல சாக்குப்போக்கு கிடையாது லா." ரப்பர் மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, தோட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகும், நாம் விடாமல் வைத்திருப்பது இந்த ஒரு வழக்கத்தைத்தானே?

பீடோர் வந்தேன். தாப்பா வந்தேன். கம்பாரில் பள்ளி மண்டபத்தில் படுத்து எழுந்து நடந்தேன். என் பை என் தோளில்தான் இருந்தது. கோப்பேங் கிட்டே வரும்போது கல் தடுக்கி முட்டி போட்டேன். முட்டிதான் போட்டேன், விழவில்லை. எழுந்திருப்பதற்குள் பின்னாலிருந்து வந்து வாரைப் பிடித்து உருவினீர்கள். "குடு லா இங்க! சீக்காளிக்கு என்னா வீம்பு?" என்றீர்கள். அத்தனை பேர் முன்னால்! தண்ணீர்ப் பந்தல்காரர்கள் முன்னால்! நான் ஒரு பக்கம் இழுக்க, நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, என் தண்ணீர் போத்தல் உருண்டு சாக்கடைக்குள் போனது. செயலாளர் தனேஸ்வரன் அதைக் கைப்பேசியில் படம் வேறு பிடித்தார். நீங்கள் என் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் போனீர்கள்.

அந்தப் பைக்குள் அரிசி மட்டுமா இருந்தது? என் பர்ஸ், போன், ஐசி அடையாள அட்டை, மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாம் அதற்குள்தான். வெறுங்காலோடு, மஞ்சள் சேலையோடு, கையில் ஒரு காசில்லாமல் ரோட்டோரம் நின்றேன். மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், ஜைனுலாப்தீன் என்று பெயர், டீ கொடுத்துத் தன் வேனிலேயே லகாட் வரை கொண்டுவந்து விட்டார். வேன் படி உயரமாக இருந்தது. "கை குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். கேட்டார், அண்ணே! முன்பின் தெரியாத மனுஷன் கேட்டார்.

வீட்டுக்கு வந்து, பூட்டை உடைக்க ஆள் வரும் வரைக்கும் என் வீட்டு வாசலிலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மார்பில் கட்டி எடுத்ததையும் கீமோ போட்டதையும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்ததைப் பந்தல் முன்னால் நின்று ஊருக்கே சொல்லிவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது தூக்க ஒரு ஆள் இல்லை. முருகன் பையைத் தூக்க மட்டும் ஓடி வந்துவிட்டீர்கள்.

ஒரு நாள் ஊசி போட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, கம்பியைப் பிடிக்கக் கையில் பலம் இல்லாமல் நின்றுகொண்டு வேண்டினேன். "முருகா, இதிலிருந்து என்னை எழுப்பிவிடு. சுங்காயிலிருந்து என் அரிசியை என் தோளிலேயே கொண்டுவந்து உன் உலையில் போடுறேன்." அதுதான் வேண்டுதல். அதைத்தான் நீங்கள் பிடுங்கிக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் அண்ணி பையைக் கொண்டுவந்து கொடுத்தார். துணியெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. அரிசியைக் காணோம். என் அரிசி எங்கே?

துளசி

சுங்காய்,
23 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை துளசிக்கு அண்ணன் அர்ச்சுனன் எழுதுவது.

நீ போடாவிட்டால் என்ன, பிள்ளையார் சுழியை நான் பெரிதாகப் போட்டிருக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்வது என் கடமை.

ஸ்டாம்பு வாங்க போஸ் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், இன்னும் கடிதமெல்லாம் எழுதுகிறீர்களா பாக்சிக் என்று மாமா முறை வைத்துக் கேட்டுச் சிரித்தது. தங்கச்சி என்னை பிளாக் பண்ணிவிட்டாள் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? அறுபத்து மூன்று வயதில் எனக்கு இந்த மரியாதை வேண்டியதுதான்.

நான் என்ன, உன் பையைத் திருடிக்கொண்டு ஓடினேனா? நீ முட்டி போட்டதாக எழுதியிருக்கிறாய். நான் பார்த்ததையும் கேள். உன் உதட்டில் ரத்தமே இல்லை. கண் சொருகியிருந்தது. உன் கைக்கும் ரோட்டில் போன சிமெண்டு லாரிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. இன்னொரு தடவை தடுக்கியிருந்தால் ஜொகூரில் இருக்கும் உன் மகன் ரூபனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பையை வாங்கினால் நீ பின்னாலேயே வருவாய், இல்லையென்றால் நம் குழுவின் தண்ணீர் வேனில் ஏறிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவாய் என்று கனவா கண்டேன்? சாவி விஷயம் உன் அண்ணி சொல்லித்தான் தெரியும். அது தப்புத்தான். ஆனால் மற்றதில் ஒரு தப்பும் இல்லை.

இப்போது என் கோபத்தைக் கேள். போன நவம்பரில் பீடோரில் ஒரு கல்யாணம். நான் மீ கோரெங் தட்டோடு நிற்கிறேன். யாரோ ஒரு அம்மா வந்து, "உங்க தங்கச்சிக்கு இப்ப முடி வளந்திருச்சாண்ணே? கீமோ வார்டுல என் பக்கத்துல இருந்தாங்க" என்கிறார். நான் என்ன சொல்ல? "வளந்திருச்சும்மா" என்றேன். என்ன முடி, என்ன வார்டு என்றே தெரியாமல் சொன்னேன். அந்தத் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. கூடப் பிறந்தவன் நான். ஊரில் யாரோ ஒருவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டுமா?

நீயாகச் சொல்வாய் என்று தைப்பூசம் வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நீ சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே வந்து பையை மாட்டச் சொல்லித் தோளைக் காட்டினாய். எதையும் காட்டாமல் மறைத்து வைத்துவிட்டு, தூக்க ஆள் இல்லை என்று இப்போது சண்டைக்கு வருகிறாய். எந்த ஊர் நியாயம் இது?

உன் அரிசியை நான் தின்றுவிடவில்லை. உன் பெயரைச் சொல்லி, உன் நட்சத்திரத்தைச் சொல்லி, என் கையாலேயே உலையில் போட்டேன். யார் அரிசி என்று முருகனுக்குத் தெரியும். அதோடு அது முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
அர்ச்சுனன்

லகாட்,
3 மார்ச் 2025

அண்ணே,

படித்தேன். படித்துவிட்டுக் கேண்டீனுக்குப் போய் ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்தேன். கூட வேலை செய்கிறவர்கள், "ஏன்க்கா கண்ணு கலங்குது?" என்று கேட்டால் வெங்காயம் என்று சொல்லலாம் அல்லவா, அதற்குத்தான்.

என் பெயரைச் சொல்லிப் போட்டீர்களா! நன்றாக இருக்கிறது! உங்கள் தோளில் வந்த அரிசிக்கு என் பெயர் எதற்கு? கோப்பேங்கிலிருந்து மலை வரைக்கும் அது உங்கள் அரிசி. என் நட்சத்திரத்தைச் சொன்னால் என் தோளில் வந்ததாகிவிடுமா? மற்றவர்களுக்குச் சட்டம் பேசும்போது சாக்குப்போக்கு கிடையாது. உங்களுக்கு என்றால் முருகனுக்குத் தெரியும்!

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். உங்களிடம் சொல்லியிருந்தால் மறுநாளே நீங்களும் அண்ணியும் ரூபனும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கூட்டம் போட்டிருப்பீர்கள். வேலையை விடு என்று ஒருவர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜொகூருக்குப் போ என்று ஒருவர். நான் எல்லோருக்கும் காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் நான் துளசி இல்லை. சீக்காளி. தட்டைத் தூக்கினால் வேண்டாம், வாளியைத் தூக்கினால் வேண்டாம். கோப்பேங்கில் நடந்தது, அண்ணே, கீமோ போட்ட ஆறு மாதமும் தினம் நடந்திருக்கும்.

இருபது படி சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்குகிறவள் நான். ரூபனின் அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக அவனைப் படிக்க வைத்தவள். தோட்டத்தில் அம்மா தோளில் காண்டாக் கம்பு போட்டு, வாளி இரண்டிலும் ரப்பர் பால் நிறைத்துத் தூக்கிக்கொண்டு வருவார். அப்பா ஒரு நாளாவது "குடு இங்க" என்று வாங்கினாரா? நீங்கள் வாங்கினீர்களா? அந்தக் கனத்துக்கெல்லாம் ஒரு கையும் நீளவில்லை. நானாக ஆசைப்பட்டுச் சாமிக்குத் தூக்கின ரெண்டு கிலோ அரிசிதான் உங்கள் கண்ணை உறுத்தியதா?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கின பை எப்படி இருக்கும் தெரியுமா? வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் பை, தலைக்குத் துணி, மைலோ பிளாஸ்க், மாற்றுச் சட்டை. ஒன்றரைக் கிலோகூட இருக்காது. ஆனால் திரும்பி வரும்போது அதைத் தூக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டில் காலால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். சொல்லாதது என் தப்பு என்றே இருக்கட்டும். என் வேண்டுதல் இன்னும் அப்படியே நிற்கிறது. வருகிற தைப்பூசத்துக்கு மறுபடியும் நடப்பேன். என் பையில் கை வைத்தால் தெரியும் சேதி.

துளசி

சுங்காய்,
5 அக்டோபர் 2025

அன்புடையீர், வணக்கம்.

எதிர்வரும் தைப்பூசப் பாத யாத்திரை குறித்து நமது செயற்குழுவில் ஏகமனதாக எடுக்கப்பட்ட முடிவு: பக்தர்களின் உடல்நலனைக் கருதி, ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களும் நோய்வாய்ப்பட்டிருப்பவர்களும் தங்கள் பைகளை அரிசியுடன் கட்டாயம் குழுவின் லாரியில் ஏற்றிவிட வேண்டும். அவ்வரிசியும் அன்னதானத்தில் சேர்த்துக்கொள்ளப்படும். ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அர்ச்சுனன், தலைவர்
தனேஸ்வரன், செயலாளர்

துளசி, இது எல்லோருக்கும் போகிற கடிதம். உன்னைக் குறித்து இல்லை. அண்ணன்.

லகாட்,
12 அக்டோபர் 2025

தலைவர் அவர்களுக்கு,

என்னைக் குறித்து இல்லையாம்! அடேயப்பா! அந்த ஒரு வரியை எழுதுவதற்குக் கை கூசவில்லையா உங்களுக்கு?

மார்ச் மாதம் நான் எழுதினதற்கு ஒரு பதில் இல்லை. ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, தனேஸ்வரனிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, எனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டு அனுப்புகிறீர்கள். கையால் பிடுங்கினது போதாது என்று இப்போது கமிட்டி வைத்துப் பிடுங்குகிறீர்கள். லாரியில் வந்த அரிசியும் உலைக்குப் போகலாம் என்றால், நாம் எதற்கு நடக்கிறோம்? அரிசியை லாரியில் அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளலாமே. பையை லாரியில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடப்பதற்குப் பாத யாத்திரை என்று பெயர் இல்லை, உடற்பயிற்சி. அதற்கு ஈப்போ போலோ கிரவுண்டில் நாலு ரவுண்டு சுற்றினால் போதும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வயது என்ன? உங்கள் சர்க்கரை எவ்வளவு? போன வருஷம் பெருவிரல் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தது யார்? ஐம்பத்தைந்தைக் கடந்தவர்கள் என்று எழுதினீர்களே, எழுதும்போது கண்ணாடி போட்டிருந்தீர்களா? இல்லை, தலைவருக்குத் தனிச் சட்டமா?

உங்கள் தோளில் பை இல்லாமல் நீங்கள் பீடோர் வரைக்கும் நடந்து காட்டுங்கள். பிறகு எனக்குச் சட்டம் சொல்லுங்கள்.

துளசி

சுங்காய்,
16 நவம்பர் 2025

தங்கச்சி துளசிக்கு,

நீ கேட்டாய் என்பதற்காக இல்லை. எனக்கே பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பை இல்லாமல் பீடோர் வரைக்கும் நடந்தேன்.

இரண்டு கையையும் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பின்னால் கட்டினால் இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கிறது. வீசினால் பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது. "முருகா" என்று சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. வழியில் ஒரு பழைய தோட்டத்துக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்னா அண்ணே, வண்டி ரிப்பேரா? ஏறிக்குங்க" என்றார். யாத்திரை போகிறவன் என்று அவருக்குத் தெரியவே இல்லை. தெரிய என்ன இருக்கிறது என்னிடம்?

எனக்கும் மனசு கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் நானே கை தூக்கி நிறைவேற்றின முடிவு. சட்டம் எனக்கும் உண்டு. நானும் பையை லாரியில்தான் போடுவேன். தலைவன் போடாவிட்டால் வேறு எவன் போடுவான்?

நீ இதற்காக வராமல் இருந்துவிடாதே. ஒரு வழி சொல்கிறேன். கோயிலில் பையை லாரியில் போட்டுவிடு. நடந்து வா. மலையடியில் லாரி நிற்கும். அங்கே நான் யாருக்கும் தெரியாமல் பையை இறக்கி உன்னிடம் தருகிறேன். கடைசி நூறடி உன் தோளிலேயே தூக்கிப் போய் உலையில் போடு. தனேஸ்வரனுக்கும் சமாதானம், உனக்கும் சமாதானம்.

உன் அண்ணி முறுக்கு அனுப்பச் சொன்னாள். தனியாகப் பொட்டலம் வரும். பிளாக்கை எப்போது எடுப்பாய் என்றும் கேட்கச் சொன்னாள்.

உன் அண்ணன்
அர்ச்சுனன்

லகாட்,
27 டிசம்பர் 2025

அண்ணே,

முறுக்கு வந்தது. உடையாமல் வந்தது. அண்ணியிடம் சொல்லுங்கள்.

யாருக்கும் தெரியாமல் கடைசி நூறடி! யார் அரிசி என்று முருகனுக்குத் தெரியும் என்று எழுதினவர் நீங்கள். லாரியில் வந்தது மட்டும் அவருக்குத் தெரியாதா? எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் உங்கள் கூட்டத்தோடு வரவில்லை. தைப்பூசத்துக்கும் காத்திருக்கப் போவதில்லை. காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஜனவரி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோப்பேங்கிலிருந்து கிளம்புகிறேன். சுங்காயிலிருந்து கோப்பேங் வரைக்கும் என் தோளில்தான் வந்தது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் பிடுங்கின இடத்திலிருந்து மலை வரைக்கும் பாக்கி இருக்கிறது. என் வீட்டு அரிசி, என் பை, என் தோள். கூட ஒருவரும் வேண்டாம்.

சொல்லாமல் மறைக்கிறேன் என்று குற்றம் சொன்னீர்களே. இதோ சொல்லிவிட்டேன். சொன்னதால் வந்து நிற்காதீர்கள். வந்து என் பையைத் தொட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அண்ணன் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்வேன்.

துளசி

சுங்காய்,
6 ஜனவரி 2026

துளசிக்கு,

வந்தேன். நீ திட்டினாலும் சரி, வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். உன் அண்ணியிடம் செம்பனை ஆலையில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, இருட்டோடு மோட்டாரை எடுத்துக்கொண்டு கோப்பேங் வந்து, சாத்தியிருந்த ஒரு கடைக்குப் பின்னால் நின்றேன்.

நீ சாமி கும்பிட்டுவிட்டுப் பையை மாட்டினாய். இடது கை சரியாக மேலே வரவில்லை. வாருக்குள் கையை நுழைக்க மூன்று தரம் பார்த்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ நடந்தாய். நான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வருவதும், கொஞ்சம் ஓட்டுவதும், நிறுத்துவதுமாக வந்தேன். ரோட்டில் போகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினான்.

சிம்பாங் பூலாய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாயே, அதைச் சொல்ல வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். நான் எதிர்ப்பக்கம் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றேன். நீ எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நான் ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். ரோட்டைக் கடக்க ஒரு கால் வைத்தேன். திரும்பி வந்து மோட்டாரில் ஏறினேன். மறுபடியும் இறங்கினேன். பெட்ரோல் அடிக்கிற பங்களாதேஷ் பையன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நான் அழுதேன், துளசி. கோபத்தில் அழுதேன். என்னை இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்துவிட்டாயே என்று உன் மேல் வந்த கோபம். பை தூக்குவது எவ்வளவோ சுலபம். இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுகூட எனக்கு இப்படி மூச்சு முட்டவில்லை.

பிறகு நீயாக எழுந்தாய். நீயாக மாட்டினாய். மலையடியில் நீ அன்னதானக் கூடத்துக்குள் போகிற வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே வரவில்லை. உன் பையைத் தொடவில்லை.

நேற்றுத் தனேஸ்வரனைப் பார்த்தேன். "சட்டத்தை எடுத்துருங்க. இல்லன்னா தலைவர் பதவிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க. என் பைய நான்தான் தூக்குவேன்" என்றேன். "அப்ப உங்க தங்கச்சிய என்னா செய்யுறதுண்ணே?" என்றார். "அவள நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் லா. அவ நடந்து முடிச்சிட்டா" என்றேன்.

நான் தொடவில்லை. அதனால் எனக்குத் தங்கச்சி உண்டுதானே?

அண்ணன்
அர்ச்சுனன்

லகாட்,
9 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா? சைலன்சரை மாற்றச் சொல்லி அண்ணி எத்தனை வருஷமாகக் கத்துகிறார். கோப்பேங்கில் கிளம்பி நாலு கடை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. ஒளிந்துகொண்டு வருகிறாராம்! பேராக் முழுக்கக் கேட்டிருக்கும்.

சிம்பாங் பூலாயில் எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மைதான். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பு இடுக்கில் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ரோட்டில் கால் வைத்தபோது வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வந்திருந்தால் அங்கேயே உங்களை என்ன செய்திருப்பேனோ! நீங்கள் திரும்பிப் போனீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எழுந்திருக்க முடிந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்குச் சமையல் செய்துகொண்டிருந்தவர் அரிசியைக் கையில் வாங்க வந்தார். "நானே போட்டுக்கிறேன் அண்ணே" என்றேன். சரிம்மா என்று விலகி நின்றார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. துணியை அவிழ்த்துப் போட்டேன். மற்ற அரிசியோடு கலந்துவிட்டது. அவ்வளவுதான், வேண்டுதல் முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். உப்புக் கம்மி.

தைப்பூசம் வரைக்கும் ஏன் காத்திருக்கவில்லை என்று இப்போது சொல்கிறேன். இந்தத் தடவை நானே சொல்கிறேன், பீடோர் கல்யாணத்தில் யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். நவம்பர் பரிசோதனையில் மார்பின் மறுபக்கமும் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது என்றார்கள். எடுத்துவிட வேண்டுமாம். இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். ரூபனுக்கும் சொல்லிவிட்டேன், லீவு போட்டு வருகிறான். கூட்டம் போடக் கூடாது, ஜொகூர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று அவனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதேதான்.

தைப்பூசத்துக்கு நான் படுக்கையில்தான் இருப்பேன். நீங்கள் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடங்கள். லாரியில் போட்டீர்கள் என்று காதில் விழுந்தால் தையலோடு எழுந்து வருவேன். பெருவிரலுக்கு மருந்து போட்டுக்கொள்ளுங்கள். பிளாக்கை எடுத்துவிட்டேன், அண்ணியிடம் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பை கட்டி வைத்திருக்கிறேன். பிளாஸ்க், துணி, மாற்றுச் சட்டை, அவ்வளவுதான். போகும்போது கனக்காது. திரும்பி வரும்போதுதான் கனக்கும்.

அந்தப் பையை நீங்கள் தூக்கலாம், அண்ணே. ஆனால் வாசலில் நின்று, "குடுக்குறியா துளசி?" என்று முதலில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பேன்.

தங்கை,
துளசி